பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தபோது, முதல் அரை மணி நேரம் உங்களைத் தேற்றுவதிலேயே கழிந்துவிட்டது. இரண்டாம் முறை எழுதிய நீட் தேர்விலும் அரசு இடத்துக்கு வேண்டிய மதிப்பெண் வரவில்லை என்றீர்கள். அவளுடைய பெரியப்பா வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ப்பதற்கு ஒரு முகவரிடம் பேசி வைத்திருக்கிறார் என்றும், முகவர் சொன்ன நாற்பது லட்சத்தில் பாதியை வாய்க்கால் கரை நிலத்தை விற்றும் மறுபாதியை வங்கிக் கடனாகவும் திரட்டுவதாகக் குடும்பத்தில் முடிவாகிவிட்டது என்றும் சொன்னீர்கள். நான் "பார்க்கலாம், பதற்றப்பட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். அப்படி மழுப்பியது என் தவறு. நிலத்தை விற்கக் கூடாது என்பதே என் கருத்து. அதை அன்றே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இருபது லட்சம் கடனுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்தாலும் ஆண்டுக்கு இரண்டு லட்சம். 2021-இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நடக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு இங்கும் 12 மாதப் பயிற்சி உண்டு. அவள் முதல் சம்பளம் வாங்க ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கொண்டால், வட்டி மட்டுமே பதினான்கு லட்சத்தைத் தொடும். இடையில் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு ஒன்று நிற்கிறது. 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுத்தால் போதும் என்று முகவர் சொல்லியிருப்பார். 2024 ஜூன் பருவத்தில் அதை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறினார்கள் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். தேறாத நால்வரின் வீட்டிலும் யாரோ ஒரு பெரியப்பா நல்லெண்ணத்தோடுதான் பேசி முடித்திருப்பார்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. நாம் மூவரும் பேசிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் மகள் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தாள். பையிலிருந்து தாத்தாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலை எடுத்து மேசையில் வைத்து, "தாத்தாவுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்தவர் யார், ஐயா? தாத்தாவைப் பார்த்த டாக்டரா, தாத்தாவைப் பார்க்கவே பார்க்காத வேறொருவரா?" என்று கேட்டாள். நீங்கள் "இப்போது அது எதற்கு?" என்று அவளை அடக்கிவிட்டீர்கள். நான் அந்தக் கேள்விக்குத்தான், அதாவது ஆய்வகத்தில் நோய்க்கிருமியை இனங்காணும் வேலையைப் பற்றித்தான், பதில் எழுதுகிறேன். பொறியியல், செவிலியம், மருந்தியல் ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு உறவினர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

உங்கள் மாமனார் ஐம்பது ஆண்டுகள் சேற்றில் கால் வைத்து நடவு பார்த்தவர், சர்க்கரை நோயாளி. ஐப்பசி மழைக்குப் பின் வந்த காய்ச்சல் விடவில்லை. நுரையீரல் படத்தில் நிழல் தெரிந்ததால் காசநோய் மருந்து தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு பெரிய மருத்துவமனையில் எடுத்த, இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'பிளட் கல்ச்சர்' சோதனையில்தான் அது மெலியாய்டோசிஸ் என்று தெரிந்தது. முதலில் பார்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை. காசநோயைப் போலவும், நிமோனியாவைப் போலவும், கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாகவும் வேடம் போடும் நோய் அது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமேலை என்ற பாக்டீரியம் காலிலுள்ள வெடிப்பு வழியாகவோ, புயல் மழையில் மூச்சு வழியாகவோ உள்ளே போகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களையே அதிகம் பிடிக்கிறது.

இனி அவள் கேட்ட 'பார்க்காத வேறொருவர்' என்ன செய்தார் என்பதைக் கேளுங்கள். வார்டிலிருந்து வந்த இரத்தப் புட்டி, ஆய்வகத்தில் உடல் வெப்பநிலையில் வைத்திருக்கும் இயந்திரத்துக்குள் போகிறது. கிருமி வளர்ந்து கரியமில வாயு வெளிவந்ததும் இயந்திரம் ஒலி எழுப்புகிறது. இயந்திரத்தின் வேலை பெரும்பாலும் அதோடு முடிகிறது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பாக்டீரியங்களை நிறத்தால் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் பெண்ணுக்குச் சிவப்பு நிறக் குச்சிகள் தெரிகின்றன. அப்படிப்பட்ட குச்சிகள் நூறு வகை உண்டு. ஆனால் இவற்றின் இரு முனைகளும் அழுத்தமாகவும் நடுப்பகுதி வெளிறியும் ஊக்கு போலத் தெரிகின்றன. அவசரக்காரர் அதைக் கவனிக்க மாட்டார். மறுநாள், கிருமி வளர்க்கும் இரத்தம் கலந்த கூழ்த் தட்டில் (பிளட் அகார்) சிறுசிறு திட்டுகளாக வளர்ச்சி தெரியும். 'ஏதோ சூடோமோனாஸ்' என்று வேறொரு பாக்டீரிய வகையின் பெயரையோ, ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என்றோ எழுதி முடித்துவிடலாம். இந்த நோயைத் தவறவிடுகிற ஆய்வகங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தவறவிடுகின்றன.

அவர் அப்படி முடிக்கவில்லை. கிருமியில் ஒரு நொதி இருக்கிறதா என்று காட்டும் ஆக்சிடேஸ் சோதனை செய்தார். கிருமிக்கொல்லி மருந்து தோய்த்த வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்த்தார்: ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் கிருமி மசியவில்லை, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மசிந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வருவது அரிது. வந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு மூன்று நாள் பொறுத்தால் அந்தத் திட்டுகள் உலர்ந்து, காய்ந்த சேற்றைப் போலச் சுருக்கம் விழுந்து நிற்கும். அதற்குள் அவர் தட்டுகளைத் திறந்த மேசையிலிருந்து பாதுகாப்பு அறைப்பெட்டிக்கு மாற்றியிருப்பார். ஏனெனில் இக்கிருமி காற்றுவழி ஆய்வகத்தாரையே தாக்கக்கூடியது. பழைய ஆய்வகக்காரர்களுக்குத் தட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தே கிருமியைச் சொல்லும் பழக்கம் இருந்தது, திராட்சை மணம் வந்தால் இன்னது என்று. இந்தக் கிருமியிடம் அந்த வித்தை கூடவே கூடாது. பிறகு அவர் வார்டுக்குத் தொலைபேசியில் பேசி இரண்டே கேள்விகள் கேட்டிருப்பார்: நோயாளி வயலில் வேலை செய்பவரா, சர்க்கரை நோய் உண்டா?

அந்த ஒரு பெயரால் சிகிச்சையே மாறிப்போனது. காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதற்குப் போதாது. காசநோய் மருந்து பயன்படாது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது பத்துப் பதினான்கு நாள் இரத்தக் குழாய் வழியாக ஏற்றி, பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுக்க வேண்டும். மாமனார் இன்று திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்கு அந்த மருந்துகளும், அவற்றை எழுதிய மருத்துவரும், அவருக்குக் கிருமியின் பெயரைச் சொன்ன முகம் தெரியாத அந்த ஊழியரும் காரணம். உங்கள் மகள் இந்த மூன்றாவது நபரைத்தான் தேடுகிறாள்.

"இதெல்லாம் இப்போது இயந்திரம் செய்யாதா?" என்று அவளுடைய பெரியப்பா கேட்பார், நியாயமான கேள்விதான். ஒரு திட்டைத் தொட்டு வைத்தால் அதிலுள்ள புரதங்களை லேசர் கதிரால் ஆராய்ந்து சில நிமிடங்களில் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவிகள் பெரிய ஆய்வகங்களில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கருவி தன் பட்டியலில் உள்ள பெயரைத்தான் சொல்லும். பட்டியலில் மெலியாய்டோசிஸ் கிருமி சரியாக இடம்பெறாவிட்டால், அதன் சாதுவான உறவினரான பர்க்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்று தயங்காமல் அச்சிட்டுத் தரும். ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து 2009-இல் பெயரிடப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையையும் ஆய்வகக் கருவிகள் நெடுநாள் வேறு பெயரிலேயே அடையாளம் காட்டிவந்தன. கருவி சொல்வதை நம்பாமல் இன்னொரு முறை தட்டைப் பார்க்கிற கண்ணுக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

2021-இல் கொரோனாவுக்குப் பின் கறுப்புப் பூஞ்சை பரவியபோது நடந்ததும் இதுதான். மூக்கிலிருந்து எடுத்த திசுவைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்துப் பார்த்து, நாடா போல அகன்று, குறுக்குத் தடுப்புகள் அதிகமில்லாத இழைகள் தெரிகின்றன என்று ஆய்வகம் அன்றைக்கே சொல்ல முடிந்தது. வளர்ப்புக்கு வைக்கும்போது அந்தத் திசுவை அரைத்துவிடக் கூடாது, சிறு துண்டுகளாக நறுக்கத்தான் வேண்டும். அரைத்தால் தடுப்பில்லாத இழைகள் உடைந்து பூஞ்சை செத்துவிடும், தட்டில் ஒன்றும் வளராது, 'பூஞ்சை இல்லை' என்று அறிக்கை போகும். கைப்பழக்கத்தில் இருக்கிற இந்த அறிவை எந்தத் தேர்வும் அளப்பதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய தொழிலும் அல்ல. மெலியாய்டோசிஸ் நோயையே 1911-இல் ரங்கூன் மருத்துவமனையில் முதன்முதலில் இனங்கண்டு, மறு ஆண்டு எழுதி வெளியிட்டவர்கள் இருவர்: ஆல்ஃபிரட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசுவாமி. நோய்க்கு விட்மோர் பெயர் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசுவாமி கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே நின்றுவிட்டார். 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதலில் கண்டதும் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைதான். பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, பட்டமேற்படிப்பு மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். முதலில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இங்கே அப்படியொரு நோயே கிடையாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இனி வழி. உங்கள் மகள் எடுத்திருக்கும் உயிரியல் பாடப் பிரிவு போதும். பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் என்ற பட்டப்படிப்பு பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டுகள். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்புகிறது, நீட் தேவையில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் தனியே சேர்க்கை நடத்துகின்றன. அதற்குப் பிறகு எம்.எஸ்சி. அளவில் நுண்ணுயிரியலை மட்டும் எடுத்துப் படிக்கலாம். முனைவர் பட்டம் வரை போகிறவர்களும் உண்டு. 1899-இல் தொடங்கிய கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம், மருத்துவக் கல்லூரிகளில் இயங்கும் வைரஸ் ஆய்வகங்கள், தனியார் மருத்துவமனைகள், தடுப்பூசி நிறுவனங்கள் என்று இந்தப் படிப்புக்கு இடமுண்டு. அரசு மருத்துவமனை ஆய்வகப் பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்புகிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கலைக் கல்லூரிகளில் உள்ள பி.எஸ்சி. நுண்ணுயிரியல் வேறு படிப்பு. மண், உணவு, தொழிற்சாலை என்று பரந்து படிக்கலாம், நல்ல படிப்புதான், ஆனால் நோயாளியின் மாதிரியைக் கையாளும் பயிற்சி அதில் போதாது, மருத்துவமனை வேலை அறிவிப்புகள் பலவற்றில் அந்தப் பட்டத்தை ஏற்பதுமில்லை. தனியார் கல்லூரி ஒன்றைத்தான் பார்க்க நேர்ந்தால், கட்டடத்தைப் பார்க்காமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதன் ஆய்வகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பிளட் கல்ச்சர் வருகிறது? எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

குறைகளையும் மறைக்கப் போவதில்லை. சிறு ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு, சில இடங்களில் கேட்கவே கூசும் அளவுக்குக் குறைவு. இரவுப் பணி உண்டு. ஹெப்படைட்டிஸ்-பி தடுப்பூசி முதல் நாளே போட்டிருக்க வேண்டும். ஆய்வக அறிக்கையில் யார் கையொப்பமிடலாம் என்பதில் மருத்துவம் படித்தவர்களுக்கும் எம்.எஸ்சி. படித்தவர்களுக்கும் இடையிலான தகராறு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. துறைத் தலைவர் நாற்காலி பெரும்பாலும் எம்.டி. படித்தவருக்கே. இதை அவள் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள்: எம்.பி.பி.எஸ். முடித்தவர்களிலேயே பலர் சீண்டாததால், எம்.டி. நுண்ணுயிரியல் இடங்கள் பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கின்றன. மருத்துவர்களே வேண்டாம் என்று தள்ளும் வேலையை உங்கள் மகள் பதினெட்டு வயதில் விரும்பிக் கேட்கிறாள். அந்த விருப்பத்தை 'டாக்டர்' என்ற பட்டத்துக்காக அணைக்க நான் உடன்பட மாட்டேன்.

மூன்றாம் முறை நீட் எழுதட்டும் என்ற யோசனையும் வேண்டாம். அவள் எழுத விரும்புகிறாளா என்று நீங்கள் என் முன்னால் கேட்டபோது அவள் தலையைத் தூக்கவில்லை. அது சம்மதம் அல்ல.

முகவரிடம் முன்பணம் கொடுத்திருந்தால், கொடுத்த தொகையையும் ரசீது இருக்கிறதா என்பதையும் இந்த வாரமே எழுதி அனுப்புங்கள். தேர்வுக் குழுவின் அறிவிப்பு வெளியானதும் அவளே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பட்டும்; சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் அதற்குள் வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அவளுடைய பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள், நில விஷயத்தை அவரிடம் நானே பேசுகிறேன். அன்று மேசையில் விட்டுப்போன தாத்தாவின் அறிக்கை நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவள் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.