நகர நிர்வாகம் பணமில்லை என்று சேவைகளைக் குறைக்கும்போது குடியிருப்போர் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வரும் ஆண்டில் துண்டு விழும் என்று கூறி, நகர நிர்வாகம் நூலக நேரத்தையும் மாலைப் பேருந்துகளையும் குறைக்கப் போகிறது, அதே வரவு செலவுத் திட்டத்தில் புதிய அரங்கம் ஒன்றுக்குப் பெருந்தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது, குடியிருப்போர் எதைக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்? உள்ளாட்சி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"அரங்கத்துக்கு வைத்த பணத்தில் நூலகத்தை நடத்தலாமே" என்பதுதான் கூட்டங்களில் முதலில் எழும் குரல். அதற்கு அதிகாரிகளிடம் பதில் தயாராக இருக்கும்: அது கட்டடம் போன்றவற்றுக்கான மூலதனக் கணக்கு, இது சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்கான வருவாய்க் கணக்கு, ஒன்றின் பணத்தை மற்றொன்றில் செலவிட முடியாது. இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. கட்டடம் கட்டவென்று வாங்கிய கடனையோ, குறிப்பிட்ட திட்டத்துக்கென்று மேல்நிலை அரசு கொடுத்த மானியத்தையோ எடுத்து நூலகருக்குச் சம்பளம் கொடுக்கப் பொதுவாக விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் அந்தக் கடனின் வட்டியும், அரங்கம் திறந்த நாளிலிருந்து அதற்கு ஆகும் மின்கட்டணமும் காவலும் துப்புரவும் பழுதுபார்ப்பும், நூலகமும் பேருந்தும் எந்த வருவாயை நம்பி நடக்கின்றனவோ அதே வருவாயிலிருந்துதான் ஆண்டுதோறும் போக வேண்டும். ஆகவே கேள்வியைச் சற்றே திருப்பி, "திறந்த பின் முதல் பத்து ஆண்டுகளுக்கு இந்த அரங்கத்தை நடத்த ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அதை எந்தச் செலவுத் தலைப்பிலிருந்து எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். நான் கையாண்ட கட்டுமானக் கோப்புகள் பலவற்றில் கதவுத் தாழ்ப்பாள் வரைக்கும் விலை போட்டிருக்கும். நடத்தும் செலவுக்கான பக்கம் மட்டும் இருக்காது.

அடுத்து, எண்களைப் படிக்கும் முறை. வரவு செலவு ஆவணத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று வரிசையாக எண்கள் இருக்கும். மேடையில் வாசிக்கப்படுவதும் செய்தியாவதும் கடைசி எண். நீங்கள் முதலில் உண்மைச் செலவைப் பாருங்கள், அதுவும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பாருங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு குடியிருப்பாளர்தான். ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரிகளுக்குப் பின்வரிசையில் கோப்புகளுடன் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் எழுந்து, நான்காக மடித்திருந்த ஒரே ஒரு தாளைப் பிரித்து, பென்சிலால் கோடிட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு, "நூல்கள் வாங்க மூன்று ஆண்டுகளாக ஒரே தொகையை ஒதுக்குகிறீர்கள். செலவு மூன்று ஆண்டும் சுழியமாக இருக்கிறது. அந்தப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். அதுவரை எழுந்த கூச்சலுக்கெல்லாம் நிதானமாக விடை சொல்லிக்கொண்டிருந்த என் மேலதிகாரி மெல்ல என் பக்கம் திரும்பினார். ஒவ்வோர் ஆண்டும் இறுதி மாதத்தில் அந்தத் தொகை வேறு தலைப்புக்கு மறு ஒதுக்கீடு செய்யப்பட்டிருந்தது. ஆணையின் நகல் என் மடியிலிருந்த கோப்பிலேயே இருந்தது. அதை எல்லார் முன்னிலையிலும் படித்துக்காட்ட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு நூல்கள் வாங்கப்பட்டன.

குறைப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் ஓசையில்லாமல் நடக்கிறது. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். குழாய் மாற்றும் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். விளக்கு அணைந்தால் மாற்ற ஆள் வர வாரங்கள் ஆகும். இவற்றுக்காக எவரும் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்பதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013ஆம் ஆண்டு ஜூலையில் திவால் மனு கொடுத்தபோது அங்கே தெருவிளக்குகளில் சுமார் 40 விழுக்காடு எரியவில்லை. அத்தனை தெருக்களும் ஒரே இரவில் இருண்டுவிடவில்லை. எனவே, "அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் காலியாக இருப்பவை எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நாளாகக் காலி?" என்ற கேள்வியை, நூலகத்துக்கும் பேருந்துக்கும் மட்டுமின்றி எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இதற்கு எதிரான வழக்கமும் உண்டு. மக்கள் உடனே கவனிக்கும் சேவையை முதலில் குறைத்துக் காட்டுவது. 1969இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு நிதி குறைந்தபோது, அதன் இயக்குநர் ஜார்ஜ் ஹார்ட்சாக், வாஷிங்டன் நினைவுச் சின்னத்தையும் கிராண்ட் கேன்யனையும் வாரத்தில் இரண்டு நாள் மூடிவிட்டார். புகார்கள் குவிந்து, நிதி திரும்பக் கிடைத்தது. நியூயார்க்கில் 2023 நவம்பரில் நிறுத்தப்பட்ட ஞாயிற்றுக்கிழமை நூலகச் சேவைக்கு, வாசகர்களின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகு 2024 ஜூனில் மீண்டும் பணம் ஒதுக்கினார்கள். உங்கள் நகரிலும் நூலகம் தப்பிவிடலாம். ஆனால் அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று உடனே கேளுங்கள். ஊர்க்கோடிக் குடியிருப்பின் கழிவுநீர்ப் பராமரிப்பிலிருந்து அதை எடுத்திருந்தால், நியாயம் கேட்டு வந்தவர்கள் பெரிய அநியாயத்துக்குத் துணைபோனவர்கள் ஆவோம். நூலகத்துக்காகத் திரண்டு வருவோர் அந்தக் குடியிருப்புக்காகவும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உண்மையிலேயே பணமில்லாமல் போவதும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பரில், சட்டப்படி கட்டாயமான சேவைகள் தவிரப் புதிய செலவு எதுவும் செய்ய இயலாது என்று அறிவித்தது. பெண் ஊழியர்களின் சம ஊதியக் கோரிக்கைகளால் ஏறிய பாக்கியும், தாறுமாறாக முடிந்த கணினி மாற்றமும் அதற்கு முக்கியக் காரணங்கள். மறு ஆண்டு அங்கே உள்ளாட்சி வரி ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்தது, சேவைகளும் குறைந்தன. எனவே தணிக்கை அறிக்கையையும், நிலுவையிலுள்ள வழக்குகளால் வரக்கூடிய பொறுப்புகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்; துண்டு எங்கிருந்து விழுந்தது என்பது அங்கேதான் தெரியும்.

எல்லாவற்றையும்விடக் காலம் முக்கியம். வரைவு அச்சாகி வெளிவந்த பிறகு மாறுவது மிகக் குறைவு. துறைகள் தத்தம் தேவைகளை எழுதி அனுப்பும் மாதங்களில்தான் ஒதுக்கீடு உண்மையில் முடிவாகிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு வரவு செலவு முறையில், குடியிருப்போர் தத்தம் வட்டாரத்தில் கூடி, குழாயா பள்ளியா சாலையா என்று வரிசைப்படுத்திய பிறகே திட்டம் வரையப்பட்டது. உங்கள் நகரில் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டாலும், துறைகளின் கோரிக்கை எந்த மாதத்தில் போகிறது என்று கேட்டறிந்து, அதற்கு முன்பே உங்கள் மன்ற உறுப்பினரைச் சந்தியுங்கள். இந்த ஆண்டுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது என்றால், கூட்டத்தில் பேசக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தை மட்டும் நம்பாமல், கேள்விகளைத் தலைப்பு எண்ணுடனும் பக்க எண்ணுடனும் எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லி, கையொப்பமிட்ட ஒப்புகை வாங்கிக்கொண்டு வாருங்கள்.