காலில் வெட்டியது குற்றமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி ஆடியதைப் பார்த்ததிலிருந்து வாள்வீச்சு பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். அதன் மூன்று பிரிவுகளில் ஒன்றான சேபரில், அதாவது பவானி தேவி ஆடும் பிரிவில், இடுப்புக்குக் கீழே பட்டால் புள்ளி கிடையாது என்கிறார்கள். அப்படியென்றால் 1547-ல் எதிராளியின் காலில் வெட்டி ஜெயித்த பிரெஞ்சுப் பிரபு ஜார்னாக் செய்தது முறைகேடுதானே? துரோகமான அடியைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்களாமே?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முறைகேடு இல்லை. அந்த மனிதருக்கு இழைக்கப்பட்ட அநியாயம் அந்தச் சொல். வெகுநாளாக என் மனதில் கிடக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜார்னாக் தன் சிற்றன்னையோடு தகாத உறவு வைத்திருக்கிறார் என்று அரண்மனையில் ஒரு வதந்தி. யார் கிளப்பியது என்று தேடிப் போனால் அதன் நுனி பட்டத்து இளவரசர் ஹென்றியிடம் போய் நின்றது. இளவரசரோடு யார் வாள் எடுக்க முடியும்? அவருடைய நண்பர் லா ஷாத்தெனெரே முன்வந்து, சொன்னவன் நான்தான் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ராணுவத்தில் பெயரெடுத்தவர், மல்யுத்தத்திலும் கெட்டிக்காரர். அப்போதைய மன்னர் முதலாம் பிரான்சிஸ் சண்டைக்கு அனுமதி தரவில்லை. அவர் 1547 மார்ச்சில் இறந்தார். இளவரசர் இரண்டாம் ஹென்றியாகப் பட்டத்துக்கு வந்து அனுமதி கொடுத்தார். வதந்தியில் பங்குள்ளவரே இப்போது நடுவர் ஆசனத்தில்.

ஜார்னாக் ஜெயிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை, எதிராளி வெற்றி விருந்துக்கே ஏற்பாடு செய்துவிட்டார். ஜார்னாக் என்ன செய்தார்? ஓர் இத்தாலிய ஆசானிடம் போய் உட்கார்ந்து படித்தார். ஆயுதங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் பக்கம் இருந்தது. அதை வைத்து, இடக்கையை மடக்க முடியாத கவசம் வேண்டும் என்று கேட்டார். கை மடங்காவிட்டால் மல்யுத்தக்காரர் கட்டிப்பிடிக்க முடியாதே!

ஜூலை 10, பாரிஸுக்கு அருகே சான் ஜெர்மேன் அரண்மனை வெளி. வாள் தலைக்கு வருவதுபோல் வந்தால் யாராக இருந்தாலும் கேடயம் தானாக மேலே போகும். அப்படிப் போன நொடியில் கால் காவலில்லாமல் நிற்கும், கேடயத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. அதிலும் முழங்காலின் பின்மடிப்பு, நடப்பதற்கு மடங்கியே ஆக வேண்டிய இடம், அங்கே இரும்பு போட வழியில்லை. ஜார்னாக்கின் வாள் அங்கேதான் இறங்கியது, உடனே அதே இடத்தில் இன்னொரு முறை. நரம்பு அறுந்த கால் உடம்பைத் தாங்காது. லா ஷாத்தெனெரே சாய்ந்தார்.

இது மறைவாகக் கற்ற தந்திரம் இல்லை. மரோட்சோ என்ற, இத்தாலியின் பொலோஞ்ஞா நகர ஆசானின் வாள்வீச்சு நூல் 1536-லேயே அச்சில் வந்துவிட்டது, காலுக்குப் போகும் வெட்டுகள் அதில் மற்ற வெட்டுகளோடு சேர்த்தே வருகின்றன. படித்திருந்தால் எதிராளியும் தடுத்திருக்கலாம்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். விழுந்தவரைக் கொல்ல ஜார்னாக்குக்கு உரிமை இருந்தது. கொல்லவில்லை. என் மானத்தைத் திருப்பிக் கொடு என்று அவரிடம் கேட்டார், பதில் இல்லை. மன்னர் முன் மண்டியிட்டு, இவர் உயிரை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டினார். மன்னர் பேசவில்லை. திரும்பிப் போய் ரத்தத்தில் கிடந்தவரிடம் மறுபடி கேட்டார், மறுபடி மன்னரிடம் வந்தார். இப்படித் திரும்பத் திரும்பக் கெஞ்சிய பிறகுதான் ஹென்றி வாய் திறந்தார். அதற்குள் நிறைய ரத்தம் போய்விட்டது. அவமானம் தாங்காமல் லா ஷாத்தெனெரே காயத்துக்குப் போட்ட கட்டுகளையெல்லாம் பிய்த்தெறிந்து செத்துப்போனார். துரோகி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அந்தக் களத்தில் ஜார்னாக்கை விட்டுவிட்டு ஆசனத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். ‘ஜார்னாக் வெட்டு’ என்பது முதலில் எதிர்பாராத, திறமையான அடி என்றுதான் பொருள்பட்டது. துரோகம் என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பிரெஞ்சு மன்னர் முன்னிலையில் சட்டப்படி நடந்த துவந்த யுத்தங்களில் இதுவே கடைசி என்பார்கள். சண்டைகள் நிற்கவில்லை, அனுமதி கேட்காமல் நடந்தன. 1627-ல் பூத்வீல் பிரபு தடையை மீறிப் பாரிஸின் நடுச் சதுக்கத்தில் பட்டப்பகலில் மோதினார், அது அவருக்கு 22-வது சண்டை. மன்னரின் முதலமைச்சர் ரிஷ்லியூ விடவில்லை, பூத்வீலின் தலை போனது.

அப்புறம், உங்கள் சேபர் கேள்வி. இடுப்புக்குக் கீழே கணக்கில்லை என்பது அந்த ஒரு பிரிவின் விளையாட்டு விதி, அதை 1547-க்குக் கொண்டுபோக முடியாது. ஃபாயில் என்ற இன்னொரு பிரிவில் கை, கால், தலை நீங்கலான நடு உடம்பு மட்டும்தான் இலக்கு. மூன்றாவதான எப்பே நிஜச் சண்டைக்கான பயிற்சியிலிருந்து வந்தது, அதனால் உடம்பு முழுக்க இலக்கு. 1967-ல்கூட தெஃபேர், ரிபியேர் என்று இரண்டு பிரெஞ்சு அரசியல்வாதிகள் எப்பேயோடு மோதினார்கள். ரிபியேருக்குக் கையில் இரண்டு காயம், அதோடு நிறுத்திவிட்டார்கள்.

பவானி தேவியின் ஆட்டத்தைப் பார்த்த கையோடு ஓர் எப்பே ஆட்டத்தையும் பாருங்கள். மேலே குத்த வருவதுபோல் கையை நீட்டி, எதிராளியின் கை உயர்ந்ததும் சட்டென்று குனிந்து காலணி நுனியில் ஒரு குத்து வைப்பார்கள். குத்து பட்டதைக் காட்டும் விளக்கு எரியும், புள்ளி கிடைக்கும்.

அன்புடன்.