மாடி சோலாருக்கு பேட்டரி கட்டாயமா?

கேள்வி: திருநெல்வேலியில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வரை ஓடுகிறது. மாடியில் 3 கிலோவாட் சோலார் போடப்போகிறோம். லித்தியம் பேட்டரியும் சேர்த்தால்தான் ராத்திரிக்கு உதவும் என்கிறார் விற்பனையாளர். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியுடன் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது. எப்போதாவதுதான் கரண்ட் போகும். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு லித்தியம் பேட்டரி வேண்டாம். நெட் மீட்டர் வைத்தால், பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போகும், ராத்திரி லைனிலிருந்து எடுப்பீர்கள். கழித்துப் பார்த்து மிச்சத்துக்குத்தான் பில். பேட்டரி அந்தப் பில்லைக் குறைக்காது. ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் மின்சாரம் வீணாகத்தான் செய்யும்.

3 கிலோவாட்டும் தேவையா என்று யோசியுங்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டாலே இரண்டு மாதத்தில் 480 யூனிட். மீதி 120 யூனிட்டில் முதல் 100 எப்படியும் இலவசம். மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பிஎம் சூர்ய கர் மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000. அதாவது மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000தான் கூடுதல். ஏசியோ மின் ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3 போடுங்கள். இந்தியாவில் தயாரான செல் உள்ள பேனலுக்கே மானியம் என்பதால் கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். ராத்திரி உங்களுக்கு வருவதில் பெரும்பங்கு நிலக்கரி மின்சாரம். அதற்குப் பதிலாக பகல் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் ஏற்பாடு வீட்டுக்கு வீடு வருவதைவிட, பொதுவில் வருவதே மேல் என்பது என் கருத்து. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களிலிருந்து அதைத்தான் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நம் பங்குக்கு மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டியை நண்பகலுக்கு மாற்றலாம். பில் பெரிதாக மாறாது, ஆனால் மாலைச் சுமை குறையும். அது சின்ன விஷயமில்லை.

சரி, மின்தடைக்கு? லைனில் கரண்ட் இல்லையென்றால் ஆன்-கிரிட் சோலார், அதாவது இப்படி லைனோடு சேர்ந்து ஓடும் சோலார், வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. அந்த நேரத்துக்கு உங்கள் பழைய பேட்டரி போதும். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் 1.8 யூனிட். பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். 75 வாட் ஃபேன் இரண்டும் சில எல்இடி விளக்குகளும் ஐந்து மணி நேரம் ஓடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு மாறினால் ஒன்பது மணி நேரம் வரை போகும். பேட்டரிக்குப் போடவிருந்த பணத்தில் முதலில் ஃபேனை மாற்றுங்கள்.

அப்புறம், சோலார் இன்வெர்ட்டரைப் பழைய இன்வெர்ட்டரின் அவுட்புட் லைனில் சேர்க்க விடாதீர்கள், பழையது எரிந்துபோகலாம். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் இருக்கும்போதே மெயினை அணைத்துப் பாருங்கள். சோலார் உடனே நிற்க வேண்டும், ஃபேன் தொடர்ந்து ஓட வேண்டும்.