டோங்கா மரச் செதுக்கலில் வரும் 'குபேசி' என்றால் என்ன?

குபேசி என்றால் பசிபிக் தீவு நாடான டோங்காவின் மரபு வடிவம். முதலில் அது ஓர் அச்சின் பெயர். ஓலையில் ஈர்க்குகளைப் புடைப்பாகத் தைத்து, மரப்பட்டைத் துணிக்கு அடியில் வைத்துச் சாயம் தேய்ப்பார்கள். காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடுவோமே, அதே வித்தைதான்!

சரி, மரத்தில் ஏன் இத்தனை கோடும் முக்கோணமும்? அங்கே ஆணி இல்லாத காலத்தில் வீட்டு உத்திரங்களைத் தென்னங்கயிற்றால் வரிந்து கட்டினார்கள். அதற்கு லாலவா என்று பெயர். கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடும்போது முக்கோணங்கள் தானாக விழும். அந்த வடிவங்கள்தான் மரச் செதுக்கலிலும் வருகின்றன. அப்படி முக்கோணங்களால் ஆன 'மனுலுவா' என்ற குபேசியின் பெயருக்கு 'இரண்டு பறவைகள்' என்று பொருள். உற்றுப் பார்த்தால் சிறகுகள் தெரியும். பழைய போர்த் தடிகளைச் சவுக்கு மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கினார்கள்.

சுருள் சுருளான செதுக்கலைப் பலர் டோங்காவுடையது என்கிறார்கள். அது பெரும்பாலும் நியூசிலாந்து மாவோரிகளின் பாணி.