ஒற்றைச் சக்கர மின்வண்டிக்கு எந்த டயர்?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தோட்டத்துக்குள் சுற்றிவர ஒற்றைச் சக்கர மின்வண்டி (நின்றபடி ஓட்டும் எலெக்ட்ரிக் யூனிசைக்கிள்) வைத்திருக்கிறேன். டயர் தேய்ந்துவிட்டது. பழைய டயரில் 18x2.5 என்று இருக்கிறது. மழைக்காலத்தில் மண்பாதையில் வழுக்குவதால் இந்த முறை பட்டன் டயர் போடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: உங்களுக்குச் சரிதான். சில்வர் ஓக் சருகு நனைந்து படிந்து கிடக்கும் பாதையில் சாலை டயரின் மெல்லிய வரிகள் இரண்டே நிமிடத்தில் சேற்றால் அடைபட்டு, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். கட்டை கட்டையாக எழும்பி நிற்கும் பட்டன் டயர் சருகைத் தாண்டி மண்ணைப் பிடிக்கும். ஆனால் தார்ச்சாலையில் அதே கட்டைகள் வளைவுகளில் சாயும்போது நெளியும். இரைச்சல் கூடும்; ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். தோட்டத்தில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறீர்கள் என்பதால் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். சேலம் நகரத்துக்குள் குடியிருப்பு வளாகத்தில் ஓட்டுகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

வாங்கும் முன் இரண்டு அளவுகளைப் பாருங்கள். பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டுத் தேடினால், 18x2.5-க்குப் பக்கத்தில் 64-355 என்பது போல இன்னொரு எண் சிறியதாக இருக்கும். 64 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 355 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம். 18 என்பது அங்குலத்தில் ஏறத்தாழச் சொல்லும் வெளிவிட்டம் மட்டுமே. ரிம் எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது இடைவெளி. பழைய டயருக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். பட்டன் டயரின் கட்டைகள் எழும்பி நிற்கும். அவற்றுக்கிடையே ஈரமண்ணும் அப்பிக்கொள்ளும். புது டயர் மாட்டிய பிறகும் எல்லாப் பக்கமும் சுண்டுவிரல் நுழைகிற இடம் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு சிறு கல் சிக்கினாலே சக்கரம் இழுபடும். இரண்டு சக்கர வண்டியில் ஒன்று இழுபட்டால் மற்றொன்று தாங்கும். இதில் தாங்குவதற்கு வேறு சக்கரம் இல்லை. தனியாகப் பிரேக்கும் கிடையாது, மோட்டார்தான் பிரேக். வேகம், நிறுத்தம், திருப்பம் மூன்றும் உள்ளங்கை அளவு ரப்பரை நம்பி நடக்கின்றன. அதனால்தான் இந்த ஒரு பொருளில் மட்டும் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று எப்போதும் சொல்கிறேன்.

சேலத்தில் வழக்கமான டயர் கடைகளை நம்பி இறங்கிவர வேண்டாம். இணையத்தில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். வந்தவுடன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சில ஆண்டுகள் கிடங்கில் கிடந்த ரப்பர் கெட்டிப்பட்டு, ஓரங்களில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். அப்படி வந்தால் மாட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 70 கிலோ எடையுள்ளவர் 28 முதல் 30 பி.எஸ்.ஐ.-யில் தொடங்கி, ஓட்டிப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கலாம். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. சேலத்தில் காற்று அடித்துக்கொண்டு மலையேறினால் அளவு மாறிவிடுமே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 280 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டருக்குப் போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்று அளக்கும் கருவி ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்திருக்கும். அது ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. ஆகவே காலையில் ஓட்டும் முன் ஒருமுறை அளந்தால் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 250 வாட்டையோ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தையோ தாண்டும் மின்வண்டி சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவில்லாமல் பொதுச் சாலைக்கு வரக் கூடாது. உங்கள் வண்டி அந்த வகையாகத்தான் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சாலையில் இறங்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

கேள்வி: என் மகனின் ஒற்றைச் சக்கர வண்டிக்கு 16 அங்குல டயர் இணையத்தில் வாங்கினேன். "16 அங்குல ஒற்றைச் சக்கர மின்வண்டிக்குப் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். வந்த டயரில் 2.50-16 என்று இருக்கிறது. ரிம்மில் நிற்கவே இல்லை. நீங்கள்தான் அளவைத் தவறாகக் கொடுத்தீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகி.

பதில்: அம்மா, தவறு உங்களுடையது இல்லை. உங்களுக்கு வந்த 2.50-16 மொபெட் டயர். அதில் 16 என்றால் ரிம்மின் அளவு, அதாவது 406 மில்லிமீட்டர். உங்கள் மகனின் வண்டியில் 16 என்றால் டயரின் வெளிவிட்டம். அந்த வகையில் பரவலாக உள்ள 16x2.125 டயரின் ரிம் 305 மில்லிமீட்டர்தான். நடுவே பத்து சென்டிமீட்டர் வித்தியாசம்; எப்படி நிற்கும்? விற்றவர் அறியாமல் போட்டாரோ, சரக்கைத் தள்ளிவிடப் போட்டாரோ, பொருந்தும் என்று எழுதியது அவர்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. இன்றைக்கே அந்த விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். டயரில் உள்ள எழுத்தையும், ரிம்மின் மேல் டயர் தொங்கும் நிலையையும் படமெடுங்கள். எழுத்து மூலமாக ஒருமுறை கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. டயருக்காகவா வழக்கு என்று தயங்க வேண்டாம்; அந்த விளம்பரத்தை நம்பி அடுத்து வாங்கப் போகிறவரும் ஒருவர் இருக்கிறார்.

கேள்வி: டியூபுக்குள் பஞ்சர் திரவம் ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம். முள் குத்திய சிறு துளையை அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: புது டயரைச் சாதாரண பஞ்சர் கடையில் மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: மாட்டலாம், பக்கத்தில் நீங்கள் நிற்பதாக இருந்தால். என் வண்டியை ஒரு கடையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சக்கரம் அச்சின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அச்சின் துளையிலிருந்து வெளியே வரும் மோட்டார் ஒயர் அடியில் நசுங்கி, மேலுறை கிழிந்து செம்பு தெரிந்தது. மோட்டாரும் ரிம்மும் ஒன்றாக இருப்பது அந்தத் தம்பிக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆகவே வண்டியை அணைத்து, ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் படமெடுத்து, சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோங்கள். ஒயரைச் சுருட்டித் துணியால் கட்டுங்கள். சுத்தியல் படவே கூடாது. டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவைத்தால், சேலம் வெயிலுக்கு அது இளகிச் சோப்புத் தண்ணீரிலேயே வழுக்கி உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டுக் காற்றை மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் டயரை நெம்பிய லிவரின் முனை டியூபைக் கிள்ளியிருக்கலாம். அதைக் கழற்றிப் பார்க்காமல் மறுநாள் ஓட்டாதீர்கள்.