கம்ப்யூட்டர் கேபினெட்டில் வெப்பநிலை, ஃபேன் வேகம் காட்டும் சின்ன டிஸ்ப்ளே வைப்பது வீண் ஆடம்பரமா?

உங்களிடமும் வீட்டில் யாரோ "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டிருப்பார்கள். என் மாமாவும் கேட்டார்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். இரவு ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டுவிட்டுப் படுப்பேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், காலையில் எழுந்து பார்த்தால் சிஸ்டம் அணைந்து கிடக்கிறது. மறுபடி போட்டேன், பத்தே நிமிடத்தில் அணைந்தது. திறந்து பார்த்தால், உள்ளே தொங்கிய ஒரு வயர் சிபியு ஃபேனில் சிக்கி, ஃபேன் சுற்றவே இல்லை. பெண் வீட்டாரிடம் இரண்டு நாள் தவணை கேட்டு நின்றது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

அந்த வாரமே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 16 எழுத்து, 2 வரி எல்சிடி திரை ஒன்றும், அதை இயக்க அர்டுயினோ நானோ என்ற சின்ன சர்க்யூட் போர்டும் வாங்கினேன். டிவிடி டிரைவுக்கான 5.25 அங்குல மூடியை அறுத்துப் பொருத்தினேன். மேல் வரியில் வெப்பம், கீழ் வரியில் ஃபேன் ஆர்பிஎம். லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் என்ற மென்பொருள் படிக்கும் எண்களைச் சின்ன பைத்தான் நிரல் ஒன்று நொடிக்கொரு தடவை அர்டுயினோவுக்கு அனுப்பும். மின்சாரமும் தரவும் மதர்போர்டின் 9 முள் யூஎஸ்பி இணைப்பிலிருந்தே வரும். 5 வோல்ட் முள் எது, கிரவுண்ட் எது என்று மதர்போர்டு கையேட்டைப் பார்த்துவிட்டு வயரை மாட்டுங்கள். எழுத்தே தெரியாவிட்டால் எல்சிடியின் முதுகில் இருக்கும் நீலத் திருகை மெதுவாகத் திருப்புங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சிஸ்டம் உறைந்துபோனாலும் டிஸ்ப்ளே கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி "54 டிகிரி" என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன், சிஸ்டம் எப்போதோ உறைந்திருந்தது. இப்போது 5 நொடி தரவு வராவிட்டால் அர்டுயினோவே திரையை அழித்துவிடும். ஷட்டவுன் செய்த பிறகும் டிஸ்ப்ளே விளக்கு எரிந்தால், யூஎஸ்பிக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் போகிறது என்று அர்த்தம். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) இஆர்பி (ErP) என்ற மின்சேமிப்பு வசதியை ஆன் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

எல்சிடிக்குப் பதில் 0.96 அங்குல ஓஎல்இடி திரை வைத்தால் அழகுதான். ஆனால் அதே எழுத்து அதே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் தழும்பு விழும்.

"டாஸ்க் மேனேஜரில் பார்த்துக்கொள்ளலாமே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: அது சிபியு வெப்பத்தையும் காட்டாது, ஃபேன் வேகத்தையும் காட்டாது. அதோடு ரெண்டர் ஓடும்போது நான் மானிட்டரையே அணைத்துவிடுவேன். கலர் விளக்குக்கு ஆசைப்பட்டு நான் இதைச் செய்யவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். போன வருடம் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) போனது, வாரன்டி இன்னும் இருந்தது. கேபினெட்டோடு கடைக்குத் தூக்கிப் போனேன். "கேபினெட்டை வெட்டியிருக்கீங்க சார், வாரன்டி கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறுத்தது பிளாஸ்டிக் மூடியை. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, கைக்காசு போட்டுத்தான் புதிது வாங்கினேன்.

அதனால், வெட்டுவதற்கு முன்னால் அதே அளவில் இன்னொரு மூடியைத் தேடி எடுத்து வையுங்கள். கடைக்குப் போகும்போது மாட்டிக்கொண்டு போகலாம்.