எட்டு வயது லாப்ரடாரும் இரண்டாம் மாடியும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஓய்வுபெற்ற என் தந்தையுடன் வசிக்கிறேன். லாப்ரடார் நாய்களை மட்டும் மீட்டு வீடு தேடித்தரும் குழு ஒன்று, குட்டி ஈனுவதற்காகவே அடைத்து வைக்கப்பட்டிருந்து பின்னர் கைவிடப்பட்ட எட்டு வயதுப் பெண் நாயை எங்களுக்குத் தர முன்வந்திருக்கிறது. “கிழட்டு நாய் புது ஆளிடம் ஒட்டாது, ஒட்டினாலும் சீக்கிரமே அழவைத்துவிட்டுப் போய்விடும்” என்கிறார் அத்தை. எடுக்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: அத்தை சொன்னதில் பாதி சரி. லாப்ரடாரின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 12 ஆண்டுகள் என்பதால், உங்களுக்குக் கிடைக்கக்கூடியது சில ஆண்டுகளே. ஒட்டாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கூண்டிலேயே காலம் கழித்த நாய்க்கு மிக்ஸியின் இரைச்சலும் சுழலும் மின்விசிறியும்கூடப் புதியவை என்பதால், முதல் சில நாள்கள் அது கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கலாம், சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பலாம், கூடத்திலேயே சிறுநீர் கழிக்கலாம். அதட்டாமல், தூங்கி எழுந்ததும் உண்டு முடித்ததும் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்றுவந்தால் சில வாரங்களில் பழகிவிடும்.

என் கவலை அதன் வயதைப் பற்றியதன்று, உங்கள் மாடிப்படியைப் பற்றியது. நாளொன்றுக்கு நான்கு முறையாவது அது இறங்கி ஏற வேண்டும். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் மூட்டுத் தேய்மானமும் சாதாரணம். முடியாமல் படுத்துவிட்டால் 25 கிலோவுக்கு மேற்பட்ட உடலை நீங்கள்தான் தூக்க வேண்டும். ஆகவே முடிவெடுக்கும் முன், அது உறங்கும் நேரமாகப் பார்த்து ஒருமுறை போய், எழுந்திருப்பதைக் கவனியுங்கள். முன்கால்களை ஊன்றிய பிறகு பின்பகுதியை இழுத்து இழுத்துத் தூக்குகிறதா? பின்னங்கால் நகங்களின் மேற்புறம் தேய்ந்து மழுங்கியிருக்கிறதா? அப்படியிருந்தால் அது பாதத்தைத் தரையில் உரசி நடக்கிறது என்று பொருள். புகைப்படத்தில் இதெல்லாம் தெரியாது.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. பலமுறை ஈன்ற நாய் என்பதால் மடிக்காம்புகளைச் சுற்றிக் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடை ஆகியிருக்கிறதா என்பதையும் குழுவினரிடம் கேளுங்கள். ஆகாத மூத்த பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டி, சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். வழக்கத்துக்கு மாறாக நிறையத் தண்ணீர் குடிப்பது அதன் அறிகுறிகளுள் ஒன்று. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தோடு உண்ணிக் காய்ச்சலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் இருக்கும். மூட்டு வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள்.

டைல்ஸ் தரை வழுக்கும் என்பதால், அது நடக்கும் வழியெங்கும் தேங்காய்நார் மிதியடியோ பழைய ஜமுக்காளமோ விரித்துவையுங்கள். தெருநாய்களின் நடமாட்டம் குறைந்திருக்கும் நேரத்தில், தார்ச்சாலை சுடத் தொடங்குமுன் நடத்திக் கூட்டிவருவது நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் மாநகராட்சி உரிமத்தையும் உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் வைத்துப் பார்க்க அந்தக் குழுவினரிடம் அனுமதி கேளுங்கள். நாயின் நலனில் அக்கறை உள்ளவர்கள் மறுக்கமாட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் படியேறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறதென்றால், அதைத் தரைத்தளத்தில் குடியிருக்கும் யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு, குழுவினரிடமே நான்கைந்து வயதுள்ள வேறொரு நாய் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.